பாதி வழியில் பிரிந்த துணை



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு புலியந்தீவின் வாவிக்கரைக்குச் சென்றிருந்தேன். கோட்டையைப் பார்த்து, பாலத்தைப் பார்த்து, இறுதியில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை முன் வந்து நின்றோம். 1814ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து இந்த மண்ணுக்கு வந்து, மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு வித்திட்டவர் இவர்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “சேர், இவர் தனியாகவா வந்தவர்? இவருக்குக் குடும்பம் இல்லையா?”

“மனைவியோடுதான் புறப்பட்டார். ஆனால் அந்த அம்மையார் வரும் வழியிலே கப்பலில் இறந்துபோனார்” என்றேன்.

“அவவுக்கு எங்க சேர் சிலை?” என்று கேட்டான் அவன்.

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நானே எனக்குள் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைய உரை அந்த மாணவனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் என்று கொள்ளுங்கள்.

இரு கப்பல்கள்

தோமஸ் கோக் என்பவரை முதலில் அறிமுகம் செய்யவேண்டும். 1747இல் வேல்ஸ் நாட்டிலே பிறந்தவர், சட்டம் கற்றவர், ஜோன் வெஸ்லியின் வலக்கரமாக விளங்கியவர். அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பதினெட்டு முறை கடந்தவர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கணக்குச் சொல்வர். நீராவிக் கப்பல் சமுத்திரத்தைக் கடக்காத காலம் அது. காற்றை நம்பிப் பாயை விரித்த காலம். முதுமை நெருங்கிய வயதில் திருமணம் செய்துகொண்ட அவர், 1811இலே முதல் மனைவியையும் 1812இலே இரண்டாம் மனைவியையும் இழந்தார். அந்தத் துயரின் பின் தமது 66ஆவது வயதில், கிழக்கு நாடுகளுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பணம் இல்லை என்று சபையார் தயங்கியபோது, ஆறாயிரம் பவுண் வரையில் தம் சொந்தப் பணத்திலிருந்து தருவதாகச் சொன்னார். அவரது கண் இலங்கையின் மேல் இருந்தது.

அவரோடு இலங்கைக்கெனப் புறப்பட்ட ஊழியர் ஆறு பேர்: ஜேம்ஸ் லிஞ்ச், வில்லியம் ஓல்ட், ஜோர்ஜ் எர்ஸ்கின், வில்லியம் மார்ட்டின் ஹாவார்ட், தோமஸ் ஸ்குவான்ஸ், பெஞ்சமின் கிளஃப். இவர்களுள் ஓல்ட், ஹாவார்ட் ஆகிய இருவரும் மனைவியரோடு வந்தார்கள். 1813 டிசம்பர் இறுதியிலே, நத்தார் கழிந்த கையோடு, போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து இரண்டு கப்பல்களிலே இவர்கள் புறப்பட்டார்கள். ‘கபால்வா’ என்ற கப்பலிலே கோக்கும் ஹாவார்ட் தம்பதியரும் கிளஃப்பும் இருந்தனர். ‘லேடி மெல்வில்’ என்ற கப்பலிலே ஓல்ட் தம்பதியரும் மற்றையோரும் இருந்தனர். நெப்போலியனோடு யுத்தம் நடந்த காலமாகையால், கப்பல்கள் கூட்டமாக, போர்க்கப்பல்களின் காவலோடு சென்றன.

சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். அதற்கு முன் ஐரோப்பாவிலிருந்து நம் பக்கம் கப்பலில் வருவதென்றால் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். போர்ட்ஸ்மவுத்திலிருந்து பம்பாய்க்கு வந்துசேர இவர்களுக்கு ஏறத்தாழ இருபது வாரங்கள் எடுத்தன. இருபது வாரம் என்பது நம் ஊரிலே ஒரு வேளாண்மை விதைத்து, கதிர் முற்றி, அரிவி வெட்டி, சூடடித்துக் களஞ்சியத்திலே சேர்க்கும் காலம். அவ்வளவு நாளும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான்.

இந்தப் பயணத்தின் இரண்டாம் மாதத்தில், 1814 பெப்ரவரியில், ஓல்ட்டின் மனைவி ‘லேடி மெல்வில்’ கப்பலிலே இறந்தார். கடலிலே இறந்தவரைக் கடலிலேயே இறக்குவார்கள். கல்லறையும் இல்லை, நடுகல்லும் இல்லை. கப்பல் நிற்காது, காற்றிருக்கும் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். கணவன் அந்தக் கப்பலிலேயே இன்னும் மூன்று மாதம் பயணம் செய்யவேண்டும்.

மே மாதம் 3ஆம் நாள் காலையில், ‘கபால்வா’ கப்பலில் கோக்கின் அறைக் கதவைத் தட்டிய பணியாள் பதில் வராததால் உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் தரையிலே உயிரற்றுக் கிடந்தார். அன்று மாலையே அவருடைய உடலும் இந்து சமுத்திரத்திலே இறக்கப்பட்டது. கப்பலிலே இருந்த நாளெல்லாம் அவர் போர்த்துக்கீச மொழியைப் படித்துக்கொண்டிருந்தார். இலங்கையின் கரையோரங்களிலே அந்த மொழி வழங்குகிறது என்பதை அறிந்துதான் படித்தார். நமது மட்டக்களப்பிலே பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கீசக் கிரியோல் பேச்சை இன்னும் கேட்கலாம். அந்தப் பேச்சுக்காரரிடம் வந்து சேரவேண்டிய ஒருவர், வழியிலே தங்கிவிட்டார்.

தலைவரும் இல்லை, கையிலே பணமும் இல்லை. எல்லாப் பண ஏற்பாடும் கோக்கின் பெயரில் இருந்தது. மே 21ஆம் நாள் பம்பாயிலே கரையேறியபோது, கப்பல் தலைவரின் அறிமுகத்தை நம்பி அங்கிருந்த ஆங்கிலேய வணிகர் ஒருவர் அவர்களுக்குக் கடன் கொடுத்து உதவினார். மனைவியின் நிலை கருதி ஹாவார்ட் பம்பாயிலே தங்கினார். எஞ்சிய ஐவரும் 1814 ஜூன் 29ஆம் நாள் காலித் துறையை அடைந்தார்கள்.

மூன்று தம்பதியர்

காலியிலே அவர்களை வரவேற்றவர், அங்கு படைத்தளபதியாக இருந்த மோல்ஸ்வேர்த் பிரபு. பக்தியுள்ளவர், இளம் ஊழியர்களுக்குத் தம் இல்லத்திலே இடம் கொடுத்தவர். அடுத்த ஆண்டு அவரும் அவர் மனைவியும் தாயகம் திரும்புவதற்காக ‘ஆர்னிஸ்டன்’ என்னும் கப்பலில் ஏறினார்கள். 1815 மே 30ஆம் நாள் அந்தக் கப்பல் தென்னாபிரிக்கக் கரையிலே பாறையில் மோதி உடைந்தது. 370 பேருக்கு மேல் மாண்டார்கள். தப்பிக் கரை சேர்ந்தவர் ஆறே பேர். பிரபுவும் மனைவியும் அந்த ஆறு பேருள் இல்லை.

ஒரே கடற்பாதையில், ஒன்றரை ஆண்டுக்குள், மூன்று தம்பதியர் என்பதைக் கவனியுங்கள். ஒரு தம்பதியருள் மனைவி இறந்தார், கணவன் கரை சேர்ந்தார். ஒரு தம்பதியர் ஒன்றாகவே மாண்டார்கள். ஒரு தம்பதியர், அதாவது ஹாவார்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும், இருவருமாக இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். மூவரும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள், ஒரே தெய்வத்தினிடம் பிரார்த்தித்தவர்கள். பிரார்த்தனையின் அளவை வைத்துக் கடல் நீதி வழங்குவதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின், கல்லடியிலும் நாவலடியிலும் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அன்று சரிந்த கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைக் கண்ட எந்தச் சைவனும், கடலிலே மனைவியைப் பறிகொடுத்த ஒரு கிறிஸ்தவனின் கேள்வியை விளங்கிக்கொள்வான்.

எழுதிவைத்த பெண்கள்

இனி எலிசபெத் ஹாவார்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவர் அச்சுத்தொழில் அறிந்தவர். கொழும்பிலே மெதடிஸ்த மிஷன் அச்சகத்தை நடத்தி, சிங்கள மொழியிலே வேதநூல் அச்சேறுவதற்குப் பாடுபட்டவர். உடல்நலம் குன்றி 1819இல் இத்தம்பதியர் இலங்கையை விட்டு நீங்கினார்கள். நாடு திரும்பிய சில ஆண்டுகளில் எலிசபெத் இறந்தார். ஹாவார்ட் 1823இல் இலங்கை மிஷனின் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட்டார். அதன்பின் மனைவியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து, அவருடைய நினைவுநூல் ஒன்றையும் வெளியிட்டார். பின்னாளிலே கனடாவுக்கும் சென்று, அங்கு மெதடிஸ்த சபையின் தலைமையை ஏற்று, மறுபடி இங்கிலாந்து திரும்பி 1857இல் காலமானார். இங்கிலாந்து, பம்பாய், கொழும்பு, கனடா என்று உலகத்தின் இரு பாதிகளையும் கண்ட மனிதர். ஆனால் பாதி வழிக்கு மேல் துணையில்லாமற் போனவர்.

கபால்வாவிலே வந்த கிளஃப்பின் கதையும் இதுதான். பாளி மொழி இலக்கணமும் சிங்கள அகராதியும் எழுதிப் புகழ்பெற்ற அறிஞர் அவர். பின்னாளிலே அவர் மணந்துகொண்ட மார்கரெட் அம்மையாரின் நாட்குறிப்பும் கடிதங்களும் அம்மையாரின் மறைவுக்குப் பின் 1829இலே நூலாயின.

யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனில் இன்னொரு தம்பதியர் உண்டு. தமிழாசிரியர் எல்லாரும் வின்ஸ்லோ அகராதியை அறிவோம். 1862இலே வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. இன்றும் ஐயம் வந்தால் எடுத்துப் பார்க்கிறோம். அந்த மைரன் வின்ஸ்லோ 1819இலே தம் மனைவி ஹரியட்டோடு பொஸ்டன் நகரிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா வழியாக யாழ்ப்பாணம் வந்தவர். ஹரியட் அம்மையார் உடுவிலிலே 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையைப் பேணி வளர்த்தவர். 1833இலே, நாற்பது வயது நிரம்பாமல், இந்நாட்டிலேயே காலமானார். இரண்டு ஆண்டின் பின் அவருடைய குறிப்புகளையும் கடிதங்களையும் கணவர் நூலாக்கினார். கணவரோ 1864இல் தாயகம் திரும்பும் வழியிலே நன்னம்பிக்கை முனையிலே உயிர் துறந்தார்.

எலிசபெத், மார்கரெட், ஹரியட். மூவரும் எழுதினார்கள். மூவரின் எழுத்தும் அவர்கள் இறந்த பிறகே உலகத்துக்கு வந்தது. ஹாவார்ட்டும் வின்ஸ்லோவும் தம் மனைவியரின் எழுத்தைத் தாமே தொகுத்தார்கள். தொகுத்தவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பது தொகுத்தவருக்கே தெரியும். ஆகவே இவை ஒருவகையில் தம்பதியர் சேர்ந்து எழுதிய நூல்கள். குரல் மனைவியினுடையது, கை கணவனுடையது.

நான்காவது பெண்ணான ஓல்ட்டின் மனைவிக்கு அப்படியொரு நூல் இல்லை. ‘ஓல்ட்டின் மனைவி’ என்ற அளவிலேதான் நம்மவர் நினைவில் நிற்கிறார். அந்த மாணவன் சிலை எங்கே என்று கேட்டான். உண்மையிலே அவன் கேட்டிருக்கவேண்டியது, அவருடைய சொல் எங்கே என்பதுதான்.

யாத்திரை என்னும் சொல்

இவ்வகை நாட்குறிப்புகள் ஒரு மரபைச் சேர்ந்தவை. அன்றன்று மனத்திலே தோன்றிய சோர்வு, சந்தேகம், நன்றி எல்லாவற்றையும் ஆண்டவன் முன் கணக்கொப்புவிப்பது போல எழுதுவார்கள். கடற்பயணத்தை வெறும் பயணமாகப் பார்ப்பதில்லை, ஆன்மாவின் பயணத்துக்கு அது அடையாளம். இந்தப் பார்வையை அவர்களுக்குத் தந்த நூல்களுள் முதன்மையானது ஜோன் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணம். அக்காலப் புரட்டஸ்தாந்து இல்லங்களிலே விவிலியத்துக்கு அடுத்தபடியாக இருந்த நூல் அது. அதைத்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று தமிழ்க் காப்பியமாக ஆக்கினார். வைணவக் குடும்பத்திலே பிறந்து கம்பனிலே ஊறியவர் அவர். 1894இலே வெளிவந்த அந்நூலை வாசிக்கும்போது, சமயம் மாறினாலும் தமிழ் மாறவில்லை என்பதைக் காணலாம்.

பனியனுடைய நூலிலே ஒரு விசேடம் உண்டு. 1678இலே வந்த முதற் பாகத்தில் கணவன் மட்டும் யாத்திரை போகிறான், மனைவி மக்கள் வீட்டிலே தங்கிவிடுகிறார்கள். 1684இலே வந்த இரண்டாம் பாகத்திலேதான் மனைவி பிள்ளைகளோடு புறப்படுகிறாள். அவள் போகும் வழியும் அதே வழிதான். ஆனால் கணவன் அருகில் இல்லை.

நமது மரபிலே வேறொரு தம்பதியர் ஒன்றாகவே புறப்படுகிறார்கள். மட்டக்களப்பிலே வைகாசி பிறந்துவிட்டால் ஊர்தோறும் கண்ணகை அம்மன் சடங்கு. கண்ணகி வழக்குரை பாடிக் குளிர்த்தி முடியும்வரை ஊரெல்லாம் கோயிலடியிலே கிடக்கும். அந்தக் கண்ணகியும் கணவனோடு யாத்திரை போனவள்தான். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலே கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் புறப்படும்போது, வழித்துணையாக வருபவர் கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண்துறவி. பாதையெல்லாம் அறமும் வினையும் பற்றிய பேச்சு. அந்த யாத்திரையும் பாதியிலே முறிகிறது. அங்கே கணவன் போகிறான், மனைவி எஞ்சுகிறாள். எஞ்சியவள் தெய்வமானாள்.

எஞ்சிய ஓல்ட் என்ன ஆனார்?

எட்டு மாதம்

காலியிலே கூடிய ஐவரும் தங்களுக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, எர்ஸ்கின் மாத்தறைக்கு, கிளஃப் காலிக்கு, ஓல்ட் மட்டக்களப்புக்கு. யாழ்ப்பாணத்துக்கு இருவர் சேர்ந்து போக, மனைவியை இழந்த மனிதர் தன்னந்தனியாகக் கிழக்குக்கு வந்தார்.

அன்றைய மட்டக்களப்பை நினைத்துப் பாருங்கள். கல்லடிப் பாலம் இல்லை, தோணிதான். கோட்டை 1628இலே போர்த்துக்கேயர் கட்டியது, பத்தாண்டின் பின் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இலே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, இந்தப் பக்கம் எழுவான்கரை. மேற்கே மலைநாட்டில் கண்டி அரசன் இன்னும் ஆண்டுகொண்டிருந்தான். 1815 மார்ச் 2ஆம் நாள்தான் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

அந்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி முப்பதாம் நாள், 1815 ஏப்ரல் 1ஆம் நாள், ஓல்ட் மட்டக்களப்பிலே நோய்வாய்ப்பட்டு இறந்தார். இலங்கைக்கு வந்து ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. எட்டு மாதத்தில் எட்டுப் பாடசாலை தொடங்கினார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். எண்ணிக்கை எப்படியிருந்தாலும், தமிழே தெரியாமல் வந்து இறங்கிய ஒரு மனிதர், துக்கம் ஆறாத நிலையில், இவ்வூர்ப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவிக்க முற்பட்டார் என்பது உண்மை. துக்கப்பட்டவன் இரண்டில் ஒன்று செய்வான். கதவைச் சாத்திக்கொள்வான், அல்லது வேலையிலே விழுவான். ஓல்ட் இரண்டாவதைச் செய்தார்.

எனக்குள்ள வருத்தம்

இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நான் சைவன். இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிப்பவன். இந்த மிஷனரிகளின் எழுத்துகளை வாசிக்கும்போது எனக்கு மனம் நோகும் இடங்கள் பல உண்டு. நமது கோயிலை இருள் என்பார்கள். நமது வழிபாட்டைக் கல்லை வணங்கும் பேதைமை என்பார்கள். நம்மிடம் பல நூற்றாண்டுத் தோத்திர இலக்கியம் இருந்தது என்பதோ, பிரிவுத் துயரைத் தெய்வத்திடம் சொல்லி அழும் பாடல்கள் அவர்களுடையதைப் போலவே நம்மிடமும் இருந்தன என்பதோ அவர்களுள் பலர் கண்ணிலே படவில்லை. கடலைப் பார்த்தபோது தெய்வத்தின் அளவின்மையைக் கண்டவர்கள், கரையேறியபின் அத்தெய்வத்துக்குத் தங்கள் ஊர் எல்லையைப் போட்டார்கள். அது அவர்களுடைய குறை. அதை மூடி மறைத்து நன்றி சொல்வது நேர்மையாகாது.

ஆனால் விதைத்தவன் எண்ணியபடியே விளைச்சல் வருவதில்லை. லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய மெதடிஸ்தப் பணியிலிருந்து வளர்ந்த பாடசாலையிலேதான், பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆறுமுகநாவலர் கற்றார், கற்பித்தார், விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவினார். அங்கே கண்ட அச்சையும் பாடசாலை ஒழுங்கையும் பிரசங்க முறையையும் எடுத்துக்கொண்டு, 1848இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். காரைதீவிலே 1892இலே பிறந்த நம் விபுலானந்த அடிகளும் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்றவரே. பின்னர் 1929இலே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1947இலே யாழ்நூலைத் தந்தார். கிறிஸ்தவப் பாடசாலை இல்லாவிட்டால் நாவலரும் அடிகளும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேதைகள் எப்படியும் வழி காண்பார்கள். ஆனால் அவர்கள் நடந்த வழியிலே இந்தக் கடல் யாத்திரிகரின் காலடியும் இருந்தது என்று சொல்லாமல் விட்டால் அது வரலாற்றுக்குச் செய்யும் வஞ்சகம்.

அவர்கள் நம் சமயத்தை அறியாமற் போனது போல, அவர்களுடைய துயரத்தை நாம் அறியாமல் இருந்துவிட்டோம். ஓல்ட்டைச் சிலையாக அறிவோம். மனைவியைக் கடலிலே விட்டுவிட்டு வந்த கணவனாக அறியோம்.

இரு முதியவர்கள்

எங்கள் அயலிலே ஒரு முதிய தம்பதியர் இருக்கிறார்கள். இருவரும் இளைப்பாறிய ஆசிரியர்கள், மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் யுத்த காலத்திலே ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவர் இலண்டனில், ஒருவர் கனடாவில், ஒருவர் அவுஸ்திரேலியாவில். எழுபது வயதுக்கு மேலே இவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். திரும்பி வந்தபின் ஒருநாள் போய்ப் பார்த்தேன். தேநீரும் பனங்கட்டியும் தந்து, படங்களை விரித்துக் காட்டினார்கள்.

நான் பேச்சோடு பேச்சாக, “எது சேர் மனசில நிக்குது?” என்று கேட்டேன். அவர் பெரிய தேவாலயங்களைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, “ரீச்சர்ட்டக் கேளுங்க தம்பி” என்றார்.

அம்மையார் சொன்னார்: “மனே, பிளேனுக்குள்ள முன்னால ஒரு சின்னப் படம் ஓடும். நாம எங்க பறக்கிறம் எண்டு காட்டும். கடலுக்கு மேலால வரக்குள்ள இவர் என்னத் தட்டி எழுப்பினவர். ‘கடலுக்குள்ளதான் எங்கயோ ஓல்ட் ஐயாட மனிசி கிடக்கிறா, வா ரெண்டு பேருமாச் செபிப்பம்’ எண்டார். நான் கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தன். செபம் வரல்ல. எனக்கு ஒரே நினைப்பு. அந்த மனிசன் மூணு மாசம் அந்தக் கப்பலுக்குள்ள எப்படி இருந்திருப்பார்? பக்கத்துப் படுக்கையப் பார்த்துக்கிட்டு எப்படி இருந்திருப்பார்?”

கணவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்த வயசில நான் எண்டால் திரும்பி ஊருக்குப் போயிருப்பன் தம்பி. போறதுக்கு அவருக்கு வழி இருந்தது. பம்பாயில கப்பல் இருந்தது.”

நேயர்களே, இருநூறு ஆண்டுகளாக ஓல்ட்டைப் பற்றி நாம் சொல்லிவந்ததை விட, அந்த முதியவர் சொன்ன இந்த வார்த்தை எனக்குப் பெரிதாகப் பட்டது. திரும்பிப் போவதற்கு வழி இருந்தது, போகவில்லை. அதை விசுவாசம் என்று கிறிஸ்தவர் சொல்வர். எடுத்த கருமத்தை முடிக்கும் உறுதி என்று நாம் சொல்வோம். அல்லது, மனைவி வர விரும்பிய இடத்துக்கு அவள் சார்பிலே தாமாவது வந்து சேரவேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். காதலித்து வாழ்ந்த எவருக்கும் அது விளங்கும்.

இந்தத் தம்பதியர் பன்னிரண்டு மணிநேரத்திலே கடந்த கடலை அந்தத் தம்பதியர் இருபது வாரத்திலே கடக்க முயன்றார்கள். யாத்திரையின் வேகம் மாறிவிட்டது. ஆனால் துணையின் கையைப் பற்றிக்கொண்டு, ‘நமக்கு முன்னர் யார் போகப்போகிறோம்’ என்று மனத்துள் கேட்கும் அந்தக் கேள்வி மாறவில்லை. அதற்குச் சமயங்கள் வெவ்வேறு பதில்களைச் சொல்கின்றன. கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்.

பூரணை இரவுகளிலே நமது வாவியில் மீன் பாடும் என்பார்கள். அந்த ஒலியை விபுலானந்த அடிகள் நீரரமகளிரின் இசையாகக் கண்டார். அடுத்த முறை மாணவரைப் புலியந்தீவுக்கு அழைத்துச் செல்லும்போது, சிலையின் முன் நின்று கல்லூரியின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டேன். இவரோடு ஒரு பெண்ணும் புறப்பட்டாள், இந்த வாவியைக் காண வந்தாள், காணாமலே போனாள் என்று சொல்வேன். அவளுக்கு இந்த ஊரிலே சிலை இல்லை. இனிமேல் ஒரு வகுப்பு மாணவராவது அவளை நினைத்திருப்பார்கள்.